திரை நகைச்சுவையில் கிளைமொழி: துணைநடிகர் டெல்லி கணேஷின் கலைவாழ்வு

தமிழ்த் திரைப்படத்தின் மொழி குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி உரையாடல் ஆசிரியர்களைப் பற்றியது. எஞ்சியதில் பெரும்பகுதி கதைத்தலைவர்களைப் பற்றியது. துணைநடிகரின் பேச்சைத் தனியே எடுத்து நோக்கும் முயற்சி அரிதாகவே மேற்கொள்ளப்பட்டுள்ளது. ஆயினும் ஒரு பாத்திரத்தின் ஊர், சாதி, தொழில், கல்வி ஆகியவற்றை ஓரிரு வாக்கியங்களில் அவையோர்க்கு உணர்த்தும் பொறுப்பு பெரும்பாலும் துணைநடிகர் மேலேயே விழுகிறது. கதைத்தலைவனை அறிமுகப்படுத்தப் பாட்டும் சண்டையும் நீண்ட காட்சியும் உண்டு. துணைநடிகருக்கு வாய்ப்பது ஒரு நுழைவும் நான்கு சொற்களுமே. அந்த நான்கு சொற்களை அவர் எந்தக் கிளைமொழியில் சொல்கிறார் என்பதே அவரது அறிமுகம்.

1977 முதல் 2024 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு, 400க்கும் மேற்பட்ட படங்களிலும் பல தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்த டெல்லி கணேஷின் கலைவாழ்வு இவ்வகையில் ஆராயத்தக்கது. நகைச்சுவையில் கிளைமொழி இருவகையாகப் பயன்படுகிறது. கிளைமொழியே சிரிப்புப் பொருளாவது ஒருவகை. கிளைமொழி பேசும் மனிதர் சிரிப்புக்குரிய சூழலில் அகப்படுவது மற்றொரு வகை. முதல்வகையில் பேசுவோரின் சமூகம் முழுதும் நகைப்புக்கு உள்ளாகிறது. இரண்டாம் வகையில் அவ்வாறு நேர்வதில்லை. டெல்லி கணேஷின் சிறந்த வேடங்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஏனெனில் இவ்விரு வகைகளும் மொழிமாற்றத்தில் வெவ்வேறு விதமாகச் சிதைகின்றன.

அடைப்பெயர்

அவரது பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்த் திரையுலகில் கதைத்தலைவருக்குப் பட்டம் வழங்கப்படும். துணைநடிகருக்கு அடைப்பெயர் ஒட்டிக்கொள்ளும். இரண்டும் பெயருக்கு முன் வருவனவே எனினும் அவற்றின் பொருண்மை வேறு. பட்டம் புகழைச் சுட்டும். அடைப்பெயரோ அந்நடிகர் எங்கிருந்து வந்தார் என்பதை நினைவூட்டும் குறி. ‘தேங்காய்’ சீனிவாசன், ‘காத்தாடி’ ராமமூர்த்தி, ‘டைப்பிஸ்ட்’ கோபு ஆகியோரின் அடைகள் அவர்கள் மேடையில் ஏற்ற வேடங்களிலிருந்து வந்தவை. ‘வெண்ணிற ஆடை’ மூர்த்தி, ‘ஒரு விரல்’ கிருஷ்ணாராவ் ஆகியோரின் அடைகள் படத் தலைப்புகளாகும். ஒரே பெயருடையோர் பலர் இருந்தமையால் வேறுபடுத்திக் காட்டும் தேவை எழுந்தது என்பது உண்மையே. எனினும் அத்தேவை ஏன் இவர்களுக்கு மட்டும் இவ்வகைச் சொற்களால் நிறைவு செய்யப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பழைய வேடம் நடிகரை விட்டு நீங்காமல் பெயராகவே உறைந்துவிடுகிறது.

ஊர்ப்பெயர் அடையாவது இவற்றுள் தனிவகை. ‘டெல்லி’ கணேஷ் தில்லியில் பிறந்தவர் அல்லர். அவர் 1944 ஆகஸ்ட் 1 அன்று பிறந்த ஊர், அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்று தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கும் வல்லநாடு. இதற்கு இணையான சான்று ஒன்றைத் தெலுங்கு, தமிழ் ஆகிய இருமொழித் திரைக்கும் பொதுவான முன்னோடி ஒருவரிடம் காணலாம். சித்தூர் வி. நாகையா (1904–1973) குண்டூர் மாவட்டத்து ரேபல்லியில் பிறந்தவர்; இளமையில் சித்தூரின் நாடக மேடையில் வளர்ந்தமையால் அவ்வூர் அவர் பெயரில் நிலைத்தது. இருவர் பெயரிலும் உள்ள ஊர் பிறந்த ஊர் அன்று, மேடையேறிய ஊர். நடிகருக்கு மேடையே பிறப்பிடம் என்னும் கருத்து இப்பெயரிடு முறையில் சொல்லாமல் உறைந்திருக்கிறது எனலாம்.

1964 முதல் 1974 வரை கணேஷ் இந்திய விமானப் படையில் பணியாற்றினார். தில்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் நாடகங்களில் நடித்தார். தலைநகரின் தமிழர் அரசு அலுவலர்களாகவும் படைப்பணியாளர்களாகவும் பல மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். தஞ்சை, நெல்லை, பாலக்காடு, சென்னை எனப் பலவகைத் தமிழும் ஒரே குடியிருப்பில் செவியில் விழும் சூழல் அது. தாயகத்தில் ஓர் ஊரில் வாழ்பவருக்குத் தம் கிளைமொழி கிளைமொழியாகத் தோன்றுவதில்லை. பிற கிளைமொழிகளோடு அண்டை வீட்டில் வாழும்போதே அது புலனாகிறது. பின்னாளில் பல்வேறு வழக்குகளைப் பேசும் வேடங்களை அவர் ஏற்றதற்கு இப்பத்தாண்டுகளின் செவிப்பயிற்சி அடித்தளமாயிற்று எனக் கருத இடமுண்டு.

படைப்பணியிலிருந்து விலகிச் சென்னைக்கு வந்தபின் அவர் சபா நாடகங்களில் நடித்தார். காத்தாடி ராமமூர்த்தியின் குழு மேடையேற்றிய விசுவின் நாடகங்களுள் ஒன்று ‘பட்டினப் பிரவேசம்’. அதனைக் கே. பாலசந்தர் 1977இல் படமாக்கியபோது கணேஷ் திரைக்கு வந்தார். ‘டெல்லி’ என்னும் அடையைச் சேர்த்தவரும் பாலசந்தரே.

நகைச்சுவையர் காத்த பேச்சு

அவர் நுழைந்த ஆண்டு தமிழ்த் திரைமொழி வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதனை உணரச் சற்றே பின்னோக்கிச் செல்லவேண்டும். முதல் தமிழ்ப் பேசும்படமாகக் கொள்ளப்படும் ‘காளிதாஸ்’ (1931) தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய படம். மேடை நாடகத்திலிருந்து வந்த தொடக்ககாலப் படங்களில் எழுத்துவழக்கும் மணிப்பிரவாள நடையும் ஆட்சி செலுத்தின. 1949இல் ‘வேலைக்காரி’, 1952இல் ‘பராசக்தி’ ஆகிய படங்களோடு அடுக்குமொழி உரையாடல் கதைத்தலைவரின் மொழியாயிற்று. அது எழுத்துவழக்கின் மேடைவடிவம். வீட்டில் எவரும் பேசாத தமிழ். இவ்விரு காலங்களிலும் உண்மையான பேச்சுவழக்கு திரையில் தப்பிப் பிழைத்த இடம் நகைச்சுவைப் பகுதியே. நாஞ்சில் நாட்டவரான என். எஸ். கிருஷ்ணன், ‘சபாஷ் மீனா’வில் (1958) சென்னைப் பேச்சைக் கையாண்ட ஜே. பி. சந்திரபாபு, ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக வந்த மனோரமா ஆகியோரின் பேச்சு அக்காலத் தமிழ் ஒலிப்பதிவு ஆவணங்களாகவே மதிக்கத்தக்கது.

இரட்டைவழக்கு நிலவும் மொழியில் உயர்வழக்குக்கும் தாழ்வழக்குக்கும் பணிகள் பங்கிடப்படும் என்பது 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் முன்வைத்த கருத்து. தமிழ்த் திரைப்படம் இப்பங்கீட்டைப் பாத்திரங்களுக்கிடையே நிகழ்த்தியது. கதைத்தலைவருக்கு உயர்வழக்கு, நகைச்சுவையருக்குத் தாழ்வழக்கு. இதன் விளைவு கேடானது. பேச்சுவழக்கு கேட்டாலே சிரிக்கவேண்டும் என்னும் பழக்கம் அவையோரிடம் ஏற்பட்டது. சொல்லில் நகை இல்லாதபோதும் சொல்லின் வடிவத்தில் நகை காணப்பட்டது. சென்னையின் உழைக்கும் மக்கள் பேச்சும் பிராமணத் தமிழும் இதனால் மிகுதியும் பாதிக்கப்பட்டன.

1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வெளிவந்தது. கதைத்தலைவனும் தலைவியும் வட்டாரப் பேச்சைச் சிரிப்புக்காக அன்றித் துன்பத்தையும் காதலையும் சொல்லப் பயன்படுத்தினர். நகைச்சுவையரின் தனியுடைமையாக இருந்த பேச்சுவழக்கு அனைத்துப் பாத்திரங்களுக்கும் பொதுவாயிற்று. இம்மாற்றத்தைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். எழுதப்படாத பகுதி ஒன்றுண்டு. தலைவனே கிளைமொழி பேசத் தொடங்கிவிட்டால் கிளைமொழியால் மட்டும் சிரிப்பூட்டிவந்த துணைநடிகர் என்ன செய்வது? வேறு வழியின்றிப் பாத்திரத்தின் உள்ளே செல்லவேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையின் துணைநடிகர் வரிசையில் கணேஷ் வருகிறார்.

‘பசி’யும் சென்னைப் பேச்சும்

துரை இயக்கிய ‘பசி’ (1979) நகைச்சுவைப் படம் அன்று. ஷோபாவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த இப்படத்தில் கணேஷ் அவரது தந்தையாகிய ரிக்‌ஷாக்காரர் முனியாண்டியாக நடித்துத் தமிழக அரசின் சிறப்புப் பரிசைப் பெற்றார். இங்கு அதனைக் குறிப்பிடுவதற்குக் காரணம், சந்திரபாபு முதல் பலர் சிரிப்பூட்டப் பயன்படுத்திய அதே சென்னைப் பேச்சு இப்படத்தில் சிரிப்புக்கு இடமின்றி வருவதே. ‘இன்னா’, ‘கீது’, ‘குந்து’ போன்ற வடிவங்களும், தெலுங்கிலிருந்து வந்த ‘நைனா’, ‘டப்பு’, உருதுவிலிருந்து வந்த ‘நாஷ்டா’, ‘பேஜார்’ போன்ற சொற்களும் அப்பேச்சின் அடையாளங்களாக எல்லாரும் அறிந்தவை. போலியாகப் பேசுவோர் இவ்வடையாளச் சொற்களைச் செறிவாகப் பெய்வர். இயல்பாகப் பேசுவோரிடம் அவை இடைவிட்டே வரும்; அவற்றைவிட ஒலிநீளமும் வாக்கிய ஏற்ற இறக்கமுமே அவ்வழக்கைக் காட்டும். முனியாண்டியின் பேச்சு இரண்டாம் வகையைச் சார்ந்தது. நெல்லைச் சீமையில் பிறந்து தில்லியில் மேடையேறிய ஒருவர் சென்னைக் குடிசைப்பகுதியின் பேச்சை இவ்வாறு பேசியது, கிளைமொழி நடிப்பு சொற்பட்டியலால் அமைவதன்று என்பதற்குத் தக்க சான்று.

இதற்குப் பின் அவருக்குக் கிடைத்த வேடங்களுள் ‘சிந்து பைரவி’யின் (1985) மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தி, ‘நாயகன்’ (1987) படத்து ஐயர், ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தின் வில்லன்களுள் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு ஆகியவை நினைவில் நிற்பன. இடையே 1981இல் ‘எங்கம்மா மகாராணி’யில் கதைத்தலைவராகவும் நடித்தார், அவ்வழி தொடரவில்லை. அவரது பிறப்பிடமான தென்பாண்டிப் பகுதியின் வழக்கு – ‘வே’ என்னும் விளியும் ‘செய்யுதேன்’ என்னும் நிகழ்கால வடிவமும் உடைய பேச்சு – அவரது புகழ்பெற்ற வேடங்கள் எதிலும் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. திரையுலகம் அவரிடம் பெரிதும் வேண்டியது பிராமணத் தமிழையே. இந்தக் குறுகிய ஒதுக்கீட்டைக் குறையென்றே சொல்லவேண்டும். ஆயினும் ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் அவர் செய்த வேறுபாடுகள் நுட்பமானவை.

பாலக்காட்டு மணி ஐயர்

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிக் கிரேசி மோகன் உரையாடல் எழுதிய ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) இவ்வாய்வுக்கு நடுவிடமானது. நால்வராகக் கமல்ஹாசன் நடித்த இப்படத்தில் சமையற்கலைஞன் காமேஸ்வரனின் வளர்ப்புத் தந்தை பாலக்காட்டு மணி ஐயராகக் கணேஷ் வருகிறார். தமிழ் பேசுவோருள் பெரும்பாலோர் பாலக்காட்டுத் தமிழைத் தொடர்ச்சியாகச் செவியுற்றது இப்படத்தில்தான் என்றால் மிகையாகாது. படத்தின் இயக்குநர் நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்த தெலுங்கர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பாலக்காட்டுத் தமிழ் இருவகைப் பண்புகளின் கூட்டு. ‘வந்தேள்’, ‘சொன்னேள்’ என்னும் முன்னிலை வினைமுற்றுகளும் ‘அவா’, ‘இவா’ என்னும் படர்க்கைப் பெயர்களும் பிற பகுதிப் பிராமணத் தமிழோடு பொதுவானவை. சொல்லுதல் பொருளில் ‘பறை’ என்னும் வினை, கேட்போரின் இசைவை வேண்டும் ‘கேட்டோ’ என்னும் பின்னொட்டு, ஏறி இறங்கும் வாக்கிய இசை ஆகியவை மலையாளத் தொடர்பால் அமைந்தவை. வாக்கிய இறுதியில் வலியுறுத்தும் பொருளில் வரும் ‘ஆக்கும்’ நாஞ்சில் நாட்டுத் தமிழுக்கும் உரியது. ஆக, இது சாதிக் கிளைமொழியும் எல்லைக் கிளைமொழியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த வழக்கு. சாதிக் கிளைமொழிகளைப் பற்றி வில்லியம் பிரைட்டும் ஏ. கே. இராமானுஜனும் 1964இல் வெளியான கட்டுரையில் காட்டியதுபோல், பிராமண வழக்கு பிறமொழிக் கூறுகளை எளிதில் ஏற்கும் இயல்புடையது. பாலக்காட்டில் அவ்வியல்பு அண்டை மொழியின்பால் செயற்பட்டது.

படத்தில் இவ்வழக்கு யாரிடம் பேசப்படுகிறது என்பதே முதன்மையானது. காமேஸ்வரன் பிறரோடு பேசும்போது அவன் பேச்சு அயலாக ஒலிக்கிறது. கேட்போர் முகத்தில் வியப்போ எரிச்சலோ தோன்றுகிறது. தந்தையோடு பேசும்போது அதே பேச்சு வீட்டுமொழியாகிவிடுகிறது. தனியொருவன் பேசும் கிளைமொழி கோமாளித்தனமாகத் தோன்றலாம். இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் கிளைமொழி ஒரு சமூகத்தின் மொழி. மணி ஐயர் இல்லாவிடின் காமேஸ்வரனின் பேச்சு வெறும் பலகுரல் வித்தையாகக் குறுகியிருக்கும். கதைத்தலைவரின் மொழிக்கு உண்மைத்தன்மை வழங்குபவர் துணைநடிகரே.

திருமண விருந்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியைப் பலரும் அறிவர். அங்குச் சிரிப்பு எழுவது சொல்லின் வடிவத்தால் அன்று. சைவச் சமையலைத் தொழிலாகவும் நெறியாகவும் கொண்ட ஒரு குடும்பத்தின் மானம் ஒரு பாத்திரத்துக்குள் கிடக்கிறது என்பதாலேயே எழுகிறது. அந்த அச்சத்தைக் கணேஷ் உண்மையான அச்சமாகவே நடிக்கிறார். தாம் நகைச்சுவைக் காட்சியில் இருப்பதாக அவர் காட்டிக்கொள்வதில்லை. அவரது கண்களும், பாதியில் நின்றுவிடும் வாக்கியங்களும், தாழ்த்திய குரலும் காட்சியை நடத்துகின்றன. முற்றுப்பெறாத வாக்கியம் பேச்சுவழக்கின் இயல்பான அலகு என்பதை மொழியியலார் அறிவர். எழுதப்பட்ட உரையாடலில் அது அரிது, நடிகரே அதனைக் கொண்டுவரவேண்டும்.

பத்தாண்டுகளுக்குப் பின் ‘தெனாலி’யில் (2000) நிலை மாறுகிறது. கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேச, மருத்துவர் பஞ்சபூதமாக வரும் கணேஷ் சென்னையின் படித்தோர் பேச்சைப் பேசுகிறார். இங்கு அவர் அயல்வழக்கைக் கேட்பவர். ஒரு வழக்கு அயலாக ஒலிக்க அதனருகே பொதுவழக்கு ஒன்று ஒலிக்கவேண்டும். திரைப்படமும் வானொலி நாடகமும் தமிழில் ஒரு பொதுப் பேச்சுவழக்கை உருவாக்கிவருகின்றன என ஹெரால்ட் ஷிஃப்மன் 1998இல் எடுத்துக்காட்டினார். அப்பொதுவழக்கை நாள்தோறும் பேசிக் காட்டியவர்கள் இத்தகைய துணைநடிகர்களே.

தொலைக்காட்சியில்

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சபா நாடகக் குழுக்களின் உரையாடல் நகைச்சுவை அதன் சிறிய திரைக்கு ஏற்றதாக அமைந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் நெடுந்தொடர்கள் பெருகின. கணேஷ் இரு காலங்களிலும் நடித்தார்; பிற்காலத்தில் இணையக் குறும்படங்களிலும் தோன்றினார். திரையில் மூன்று நிமிடம் வரும் தந்தை, தொடரில் நூற்றுக்கணக்கான நாட்கள் வருவார். எனவே அங்கு அடையாளச் சொற்களால் ஒப்பேற்ற இயலாது. ஒரே வழக்கை வழுவின்றி நெடுங்காலம் பேணவேண்டும். பிற மாநில நடிகையருக்குப் பின்னணிக் குரல் தரும் பழக்கம் தொடர்களில் பரவிய காலத்தில், சொந்தக் குரலில் பேசிய மூத்த துணைநடிகர்களே இயல்பான வீட்டுத்தமிழ் ஒலித்த இடமாயினர். இத்தொடர்கள் அன்றாடப் பேச்சின் தரவுத்தொகுதியாகத் தொகுக்கப்பட வேண்டியவை. சபா நாடகங்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது: அச்சான நாடகப் பிரதியில் பேச்சின் எழுத்துவடிவம் மட்டும் உண்டு; ஒலி இல்லை.

மொழிமாற்றமும் வடவெல்லையும்

கிளைமொழி நடிப்பு மொழிமாற்றத்தில் என்னவாகிறது என்பதற்கு ‘அவ்வை சண்முகி’ (1996) நல்ல எடுத்துக்காட்டு. ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ (1993) என்னும் அமெரிக்கப் படத்தின் தழுவலான இதில், பாண்டியன் என்னும் கதைத்தலைவன் மாமி வேடத்தில் விசுவநாத ஐயர் வீட்டுக்குள் நுழைகிறான். உடையைவிடப் பேச்சே அவனது நுழைவுச்சீட்டு. பிராமணத் தமிழை வழுவின்றிப் பேசுவதால் அவன் ஏற்கப்படுகிறான். அவ்வீட்டுச் சமையற்காரராக நுழையும் நண்பர் பாஷாவோ ஊமையாக நடிக்கிறார். பேச்சே சாதியையும் சமயத்தையும் காட்டிக்கொடுக்கும் உலகில், வழக்கை மாற்றத் தெரிந்தவன் பேசுகிறான், தெரியாதவன் வாய்மூடுகிறான். கிளைமொழியின் சமூகப் பணியை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நகைச்சுவை தமிழில் வேறில்லை. கணேஷ் ஏற்ற சேதுராம ஐயர் அவ்வீட்டின் செயலாளர். அந்த வழக்கைப் பிறப்பால் பேசுபவர். மாமியின் பேச்சு சரியா என்பதற்கு அளவுகோலாக அருகே நிற்பது அவர் பேச்சு.

இந்தியில் கமல்ஹாசனே இயக்கிய ‘சாச்சி 420’ (1997) படத்துக்கு உரையாடல் எழுதியவர் குல்சார். சேதுராம ஐயர் அங்கு ஓம் புரி நடித்த பன்வாரிலால் ஆகிறார். சண்முகி மாமி, லட்சுமி கோட்போலே என்னும் மராத்தியப் பெண்மணி ஆகிறார். தமிழில் ஒரே வீட்டின் வழக்கைப் பேசி உள்ளே வந்த பாத்திரம், இந்தியில் அயல் மாநிலத்தவளாக உள்ளே வருகிறது. மொழிபெயர்ப்பு என்ற நிலையில் இது திறமையான தீர்வு. இந்தியில் பிராமணப் பேச்சு தமிழில் உள்ளதுபோல் தனித்த வினைமுற்றுகளோடு விளங்குவதில்லை. எனவே சாதிவேறுபாடு வட்டாரவேறுபாடாகப் பெயர்க்கப்பட்டது. ஆனால் இழப்பும் உண்டு. தமிழ் மூலத்தில் அந்தப் பெண் ‘நம்மவர்’ என நம்பப்படுகிறாள். இந்தியில் அவள் ‘நல்ல அயலாள்’. செயலாளர் பாத்திரம் மொழி அளவுகோலாக நிற்கும் பணியும் அங்கு நீங்கிவிடுகிறது. ஓம் புரி பெரிய நடிகர் என்பதில் ஐயமில்லை. அவருக்குக் கிடைத்த பாத்திரத்தில் அந்தப் பணி இல்லை.

‘மைக்கேல் மதன காமராஜன்’ தெலுங்கில் ‘மைக்கேல் மதன காமராஜு’ எனக் குரல்மாற்றம் செய்யப்பட்டது. குரல்மாற்றத்தில் உருவம் மாறாது. இடமும் ஆடையும் இலையில் பரிமாறும் முறையும் அப்படியே நிற்கும். மொழி மட்டும் மாறும். மணி ஐயரின் நெற்றியும் குடுமியும் பாலக்காட்டைச் சொல்ல, நாக்கு எந்த ஊரைச் சொல்வது? கோதாவரிக் கரையின் பொதுத்தெலுங்கைச் சொன்னால் எல்லைவழக்கு என்னும் பண்பு மறைந்துவிடும். மலையாளச் சொற்களைத் தெலுங்கில் பெய்தால் கேட்போருக்கு விளங்காது. விளங்காமை மட்டுமே சிரிப்பாகிவிடும், அதாவது முதல்வகை நகைச்சுவையாகச் சரியும்.

இங்கு மொழிபெயர்ப்பாளர் தேடவேண்டியது பாலக்காட்டின் சொற்களுக்கு ஈடு அன்று. பாலக்காட்டின் நிலைக்கு ஈடு. பாலக்காட்டுத் தமிழ், மலையாள எல்லையில் நிற்கும் தமிழ். தமிழ் எல்லையில் நிற்கும் தெலுங்கு எது எனக் கேட்டால் விடை சித்தூர்ப் பகுதியாகும். 1911இல் வடார்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவான சித்தூர் மாவட்டம் இருமொழி நிலம். 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின்னும் எல்லையின் இருபுறமும் இருமொழியாளர் வாழ்கின்றனர். 2022இல் இம்மாவட்டத்திலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அதன் அலிபிரியில், திருமலைப் படிவழி தொடங்கும் இடத்தில், தமிழ்நாட்டு அடியவரிடம் தேங்காய் விற்போர் தமிழிலும் தம்முள் தெலுங்கிலும் பேசுவது அன்றாடக் காட்சி. அவ்வூர்ப் பெயரையே ‘அடிப்புளி’ என்னும் தமிழ்ச்சொல்லோடு தொடர்புபடுத்தி, மலையடிப் புளியமரத்தின் கீழ்த் திருமலை நம்பி இராமானுசருக்கு இராமாயணப் பொருள் உரைத்த மரபுச் செய்தியை நினைவுகூர்வோர் உண்டு. சொற்பிறப்பு எவ்வாறாயினும், ஒரு மொழியின் ஊர்ப்பெயருக்கு மறுமொழியில் பொருள் காணும் பழக்கமே எல்லைப்பகுதியின் இயல்பைக் காட்டுகிறது.

சித்தூர்ப் பகுதித் தெலுங்கை எழுத்தில் நிலைநிறுத்தியோருள் மிட்டூர்க் கதைகளை எழுதிய நாமினி சுப்பிரமணியம் நாயுடு குறிப்பிடத்தக்கவர். பொதுத்தெலுங்கில் ‘உந்தி’ என வரும் ‘இருக்கிறது’ பொருள் வினை, இராயலசீமை வழக்கில் ‘உண்டாதி’ என வரும். கேட்ட அளவிலேயே இடத்தை உணர்த்தும், பொருளை மறைக்காத வடிவம் இது. மணி ஐயரின் வாயில் இடம்பெறத்தக்கவை இத்தகைய வடிவங்களே. ‘கேட்டோ’ என்பதற்குத் தெலுங்கின் ‘கதா’ ஓரளவு ஈடாகும். சொல்லுக்குச் சொல்லான ‘வின்னாவா’ ஈடாகாது, ஏனெனில் அது உண்மையான வினாவாகிவிடும். ‘ஆக்கும்’ என்பதற்குத் தனிச்சொல் தேடாமல் வாக்கிய இசையால் ஈடுசெய்வதே தக்கது. உதட்டசைவுக்கும் அதனால் ஊறு நேராது. பேச்சுத்தமிழில் சொல்லிறுதி மகரம் பெரும்பாலும் மூக்கொலி உயிராகத் தேய்வதால் உதடுகள் முழுதும் மூடுவதில்லை. உயிரில் முடியும் தெலுங்குச் சொல் அவ்விடத்தில் பொருந்தி அமரும்.

2024 நவம்பர் 9 அன்று தம் 80ஆம் அகவையில் டெல்லி கணேஷ் சென்னையில் மறைந்தபோது வெளியான நினைவுக் குறிப்புகள் பலவற்றில் பாலக்காட்டு மணி ஐயரின் பெயர் இடம்பெற்றது. படத்தில் அவர் வரும் காட்சிகள் சிலவே. அவற்றிலும் பல இடங்களில் அவர் மகனின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்; குரல்மாற்றக் கூடத்தில் அப்பகுதிகளுக்கு எழுதவேண்டிய சொல் எதுவுமில்லை.